முட்டைக்கு இருக்கும் குறியீடு பாலுக்கு முடியுமா? உதவி தேவை

வணக்கம். பால், இறைச்சி பாக்கெட்டுகளில் அந்த விலங்கு எப்படி வளர்க்கப்பட்டது என்று அச்சிடக் கேட்டு ஒரு மனு எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல் முட்டை ஓட்டிலேயே எண் போடுகிறார்கள்: 0 இயற்கை முறைப் பண்ணை, 1 வெளியில் திரியவிட்ட கோழி, 2 கூண்டில்லாத கொட்டகை, 3 கூண்டு. ஜெர்மனி 2023-இல் பன்றி இறைச்சிக்கு ஐந்து வகைகளோடு சட்டமே கொண்டுவந்தது. சரி, ஆனால் பாலுக்கு? பல பண்ணைகளின் பால் ஒரே டேங்கரில் கலந்துவிடுகிறதே, அப்புறம் எதை வைத்துக் குறிப்பது? பால் கொள்முதலிலோ பண்ணையிலோ வேலை பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட மாட்டின் பாலைப் புல்வெளிப் படம் போட்டு விற்பதை என்னால் பொறுக்கவே முடியவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.