பல் எடுத்த பிறகு எவ்வளவு ரத்தம் வரும்? உங்கள் அனுபவம் என்ன?

கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டை எனக்கு ஒரே நாளில் எடுத்தார்கள். மரப்பு விலகத் தொடங்கியபோதுதான் ரத்தம் மீண்டும் கசிந்தது. மரத்துப்போகப் போடும் ஊசியில் பெரும்பாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்திருக்கும். அதன் வேகம் தணியும்போது கசிவு சற்றுக் கூடுவது இயல்புதான். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் எல்லோரும் அப்படிப் பதறியிருக்க மாட்டார்கள்.

ஊறும் எச்சிலெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஒரு துளி ரத்தமே வாய் நிறைய எச்சிலைச் சிவப்பாக்கிவிடும். முதல் 24 மணி நேரம் இப்படி லேசாகக் கசியலாம். அடிக்கடி துப்பினாலோ, கொப்பளித்தாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். புகைபிடிக்கவே கூடாது.

எனக்குக் கைகொடுத்தது அழுத்தம்தான். துணியை லேசாக நனைத்து மடித்து, சரியாகக் குழியின்மேல் வைத்து, பேசாமல் அரை மணி நேரம் இறுகக் கடித்திருந்தேன். நடுவில் எடுத்துப் பார்க்கவில்லை. முதல் துணி கருஞ்சிவப்பாக வந்தது. அடுத்ததில் நடுவில் மட்டும் வெளிர்சிவப்பு. இரவு தலையை உயர்த்திப் படுத்தேன். காலையில் தலையணைமேல் விரித்த துண்டில் துருநிறக் கறை இருந்தது, அவ்வளவுதான்.

—

என் அப்பா இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். அதை நிறுத்திவிட்டுப் பல் எடுக்கலாம் என்று உறவினர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். பல் மருத்துவர் இதய மருத்துவரிடம் பேசிவிட்டு, நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, குழிக்குத் தையல் போட்டு அனுப்பினார். மறுநாளும் கொஞ்சம் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. தயவுசெய்து யாரும் தாமாக அந்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கசிவையாவது அழுத்தி நிறுத்தலாம். பக்கவாதம் வந்தால் என்ன செய்வது? வலிக்கு ஆஸ்பிரினும் கேட்காமல் போட வேண்டாம்.

—

எனக்கு வந்தது மேலே சொன்ன லேசான கசிவு அல்ல. குழியின்மேல் ஈரல் துண்டு போலக் கருஞ்சிவப்பான கட்டி எழும்பி நின்றது. அதன் ஓரத்தில் ரத்தம் விடாமல் வந்தது. இறுகக் கடித்தும் துணி சில நிமிடங்களில் தொப்பலாகிவிட்டது. போன் செய்ததும் உடனே வரச் சொன்னார்கள். அந்தக் கட்டியைத் துடைத்தெடுத்து, அழுத்திப் பிடித்து, தையல் போட்ட பிறகே நின்றது. இப்படி வாய் நிறைந்துகொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவில் யாரை அழைப்பது என்பதைப் பல் எடுத்துவிட்டுக் கிளம்பும்போதே கேட்டு, போன் எண்ணை வாங்கி வையுங்கள்.