லைட் போட்டும் கோழிக்குஞ்சுங்க நடுங்குது, புரூடர்ல (குஞ்சுக்கு சூடு குடுக்கிற பெட்டி) என்ன தப்பு?

மொட்டைமாடி:
வணக்கம், ஒருநாள் குஞ்சு பன்னெண்டு வாங்கியிருக்கேன், தாய்க்கோழி இல்ல. பெரிய அட்டைப்பெட்டியில நியூஸ்பேப்பர் விரிச்சு மேல 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு தொங்கவிட்டேன். வெளிச்சம் பளிச்சுனு இருக்கு, ஆனா எல்லாம் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு ஓயாம கத்துதுங்க. ராத்திரிக்கு பெட்டிய மூடி வெச்சுட்டா சூடு நிக்குமா? பல்பு எவ்ளோ உயரத்துல இருக்கணும்?

சேவல்கொண்டை:
எல்இடி-ல வெளிச்சம்தான் வரும், சூடு வராதுங்க. அத கழட்டிட்டு பழைய குண்டு பல்பு போடுங்க. ஒரு குஞ்சுக்கு 2 வாட்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அது நூத்துக்கணக்குல வளர்க்கிறவங்களுக்கு சரி, பன்னெண்டே பன்னெண்டுக்கு அப்படி கணக்கு போட்டா பத்தாது. 60 வாட்ல ஆரம்பிச்சு பாருங்க, இடம் குளிரா இருந்தா 100.

மொத வாரம் பல்புக்கு நேர் கீழ 35 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி போல குறைச்சுட்டே வரலாம், பல்ப கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கினாலே போதும். தெர்மாமீட்டர குஞ்சோட முதுகு உயரத்துல வெச்சு பாக்கணும், பெட்டி சுவத்துல மேல ஒட்டி வெச்சா அது காட்டுற நம்பர் குஞ்சுக்கு சம்பந்தமே இல்லாதது. உயரம் இத்தன இஞ்சுனு சொல்ல மாட்டேன், பல்புக்கு பல்பு மாறும். குஞ்சுங்கள பாருங்க. பல்புக்கு கீழயே குவிஞ்சு கத்துனா குளிருது, இறக்கணும். பல்ப விட்டு தள்ளிப்போய் இறக்கைய விரிச்சு வாயத் தொறந்து மூச்சு வாங்குனா சூடு ஜாஸ்தி. எல்லாம் ஒரே பக்கமா ஒதுங்குனா எதிர் பக்கத்துல இருந்து காத்து அடிக்குதுனு அர்த்தம். பரவலா படுத்து, சிலது தின்னுக்கிட்டு சிலது தூங்கிக்கிட்டு இருந்தா கைய வைக்காதீங்க, தெர்மாமீட்டர் என்ன காட்டுனாலும் சரி.

பல்பு நடுவுல வேண்டாம், ஒரு ஓரமா வைங்க. மறுகோடி குளிர்ச்சியா இருக்கட்டும், எது வேணுமோ அதுங்களே போய்க்கும்.

உமிமூட்டை:
மேல சொன்னது எல்லாம் கரெக்ட். மூடி மட்டும் போட்டுறாதீங்க, ஈரமும் எச்ச நாத்தமும் உள்ளயே தங்கி மூச்சுத்திணறும். பூனை எலி பயம் இருந்தா கம்பி வலை போட்டு மூடுங்க, ஓட்டை அரை இஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது.

அப்புறம் அந்த நியூஸ்பேப்பர். வழுக்கும், பிறந்த குஞ்சுக்கு பிடிப்பு கிடைக்காம கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு நடக்க முடியாமலே போயிடும். ரெண்டு இஞ்சுக்கு உமியோ மரச்சுருளோ கொட்டுங்க, மொத ரெண்டு மூணு நாள் மட்டும் மேல சொரசொரப்பான துணி விரிங்க, இல்லாட்டி தீவனம்னு நெனச்சு உமிய கொத்தும். பொடியா இருக்கிற மரத்தூள் வேண்டாம். பெட்டி மூலையில அட்டைய வளைச்சு வெச்சு வட்டமாக்கிடுங்க, மூலை இருந்தா நெருக்கி ஏறி அடியில இருக்கிறது நசுங்கி செத்துடும்.

தண்ணி தட்டு ஆழமில்லாததா இருக்கட்டும், உள்ள கூழாங்கல்லு போடுங்க, அரை இஞ்சு தண்ணியிலயே மூழ்கிடும்ங்க இதுங்க. ஒவ்வொண்ணா புடிச்சு மூக்க லேசா நனைச்சு விட்டா குடிக்க பழகிக்கும். ஈரமான உமிய அப்பப்ப அள்ளி வெளிய போடுங்க, ரத்தக்கழிச்சல் ஈரத்துலதான் கிளம்பும்.

மொட்டைமாடி:
60 வாட் மாட்டியாச்சு, கத்தல் நின்னுடுச்சு!! ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு டவுட்டு. கரண்ட் போனா அடுப்புக்கரி தணல் ஒரு சட்டியில போட்டு உள்ள வைக்கலாமா? அப்புறம் ஒரு குஞ்சுக்கு பின்னாடி எச்சம் காஞ்சு அடைச்சுக்கிட்டு இருக்கு, பிச்சு எடுக்கலாமா?

ஈயப்பாத்திரம்:
கரி வேண்டவே வேண்டாம், அந்த புகைவாயு மூடின ரூம்ல உங்களுக்கே ஆபத்து, குஞ்சு எம்மாத்திரம். பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி இறுக்கி மூடி, துணி சுத்தி உள்ள படுக்க வைங்க, அதுல ஒட்டிக்கிட்டு படுத்துக்கும், ஆறுனா மாத்துங்க.

எச்சத்த பிச்சு எடுக்காதீங்க, தோலோட வந்துடும். வெதுவெதுப்பான தண்ணியில பஞ்ச நனைச்சு ஊற வெச்சு துடைங்க, நல்லா காய்ஞ்சப்புறம் உள்ள விடுங்க. ஆசனவாய்க்கு கொஞ்சம் முன்னாடி வயித்துப்பக்கம் காஞ்ச பொருக்கு மாதிரி தெரியுமே, அது தொப்புள், அத தொடவே கூடாது.

யாரும் தீ பத்தி பேசலயே! பல்ப அதோட ஒயர்லயே தொங்கவிட்டிருந்தா இன்னிக்கே மாத்துங்க. சங்கிலி ஒண்ணு, அது அறுந்தாலும் தாங்குற மாதிரி கம்பி ஒண்ணு, ஆக ரெண்டு பிடி. பல்ப சுத்தி கம்பிக்கூண்டு. உமியும் அட்டையும் பத்திக்க நேரமே ஆகாது. 250 வாட் இன்ஃப்ராரெட் பல்பு வாங்கச் சொல்லி யாராச்சும் சொன்னா அட்டைப்பெட்டிக்கு கேக்காதீங்க. டெஃப்லான் பூச்சு உள்ள பல்பும் ஆகாது, சூடானா வர்ற புகை பறவைய கொன்னுடும்.

மொட்டைமாடி:
ஒயர்லதான் தொங்குது, இப்பவே மாத்துறேன். பல்ப எப்ப நிறுத்தலாம்?

சேவல்கொண்டை:
அஞ்சாறு வாரம், உடம்பு முழுக்க இறகு வந்தப்புறம். அதுக்கு முன்னாடியே பகல்ல வெக்கையா இருந்தா அணைச்சுட்டு ராத்திரி மட்டும் போடலாம். பெட்டி அதுவரைக்கும் பத்தாது, ரெண்டு மூணு வாரத்துலயே பெருசா ஒண்ணு ரெடி பண்ணுங்க, குஞ்சுக்கு ஒரு சதுர அடியாச்சும் வேணும், நெருக்கடி ஆனா ஒண்ண ஒண்ணு கொத்த ஆரம்பிச்சுடும்.