டார்க்கஸ்ட் டஞ்சன்: டார்ச்சை அணைத்தது என் தப்பா, இல்லை அதிர்ஷ்டம் கைவிட்டதா?

கல்லறைக்காரன்:
நாலு பேர் கொண்ட குழுவைப் பூதங்கள் உலவும் பாழிடங்களுக்கு அனுப்பித் தங்கம் தேடுகிற இந்த கேமை (2016இல் வந்த முதல் பாகம்) ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. இருட்டில் போனால் பொருள் அதிகம் கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு நேற்று ராத்திரி ரூயின்ஸ் என்கிற பகுதியில் டார்ச்சை வேண்டுமென்றே பூஜ்யம்வரை இறங்க விட்டேன். பாதி தூரம் ராஜநடைதான், பை நிறையத் தங்கம். அப்புறம் ஒரே சண்டையில் எல்லாம் போச்சு. என் முன்வரிசை வீரன் க்ரூசேடருக்கு ஸ்ட்ரெஸ் (மன அழுத்தக் கணக்கு) 100ஐத் தொட்டது, யாரையும் நம்பாத பாரனாய்டு ஆகிவிட்டான், உயிர் பூஜ்யத்தில் ஊசலாடுகிறது, குணப்படுத்துகிற வெஸ்டல் ஹீல் போடுகிறாள், அதை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறான்! அடுத்த அடியில் ஆள் காலி. அதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஸ்ட்ரெஸ் ஏற, நாலு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. பழைய சேவை லோட் பண்ணலாம் என்றால் அதற்கும் வழி இல்லை, ஒவ்வொரு அடியையும் கேமே சேவ் செய்துகொள்கிறது.

இது என் தப்பா, டைஸின் சதியா? இன்னொரு சந்தேகமும் உண்டு. டர்ன் பேஸ்டு (முறை வைத்து ஆடுகிற) கேம்தானே, என் முறை வந்தால் நான் பட்டனை அழுத்தும்வரை எந்தப் பூதமும் அசையாது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக்கூட வரலாம். அப்படியிருந்தும் ஏன் கை வியர்க்கிறது?

நாலாம்இடம்:
பாதித் தப்பு உங்களுடையதுதான் நண்பரே. வெளிச்சம் குறையக் குறைய எதிரி ஏற்றுகிற ஸ்ட்ரெஸ் கூடும், நம்மைத் திடீரென்று மடக்குகிற வாய்ப்பும் கூடும். கூடுதல் தங்கம் அதற்கான கூலி. புது இடத்தில் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் வெளிச்சம் 6 குறையும், நடந்த இடத்தில் 1தான். ஒரு டார்ச் ஏற்றினால் 25 கிடைக்கும். ஆரம்பத்தில் 75க்குக் கீழே விடாதீர்கள்.

ஆனால் உங்களைக் கொன்றது இருட்டு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ரூயின்ஸில் பின்வரிசையில் கையில் கோப்பையோடு ஒரு எலும்புக்கூடு நிற்குமே, டேமேஜ் கம்மிதானே என்று அதைக் கடைசிக்கு ஒதுக்கி, முன்னால் கத்தியோடு நிற்பவனை வெட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அந்தக் கோப்பையிலிருந்து தெறிக்கிறது பாருங்கள், அதுதான் ஸ்ட்ரெஸ். முதலில் அவனை முடியுங்கள். ஹெலியன் என்கிற வீராங்கனை நம் வரிசையின் முதல் இடத்தில் நின்றே அயர்ன் ஸ்வான் என்கிற தாக்குதலால் எதிரி வரிசையின் நாலாவது இடத்தை அடிப்பாள், பிளேக் டாக்டர் பின்னால் இருக்கிற இரண்டு பேரையும் புகை போட்டு ஸ்டன் பண்ணுவார்.

ஸ்ட்ரெஸ் 100 ஆனால் ஆள் தெளிந்து எழுந்து நிற்க நாலில் ஒரு வாய்ப்புதான், மீதி நேரம் உங்கள் க்ரூசேடர் மாதிரி மனம் உடைவான். 200 ஆனால் மாரடைப்பு. உயிர் பூஜ்யத்தில் இருக்கும்போது வருகிற ஒவ்வொரு அடியையும் தாங்க சாதாரணமாக 67 சதவீதம், அதில் ரத்தக்கசிவும் ஒரு அடியாகத்தான் கணக்கு. அதனால் 1 பாயிண்ட் ஹீல்கூட அந்த நேரத்தில் பெரிசு. முக்கியமாக, பின்வாங்கினால் ஸ்ட்ரெஸ் ஏறும், ஆனால் எடுத்த தங்கம் உங்களுக்குத்தான். அந்த ராஜநடையிலேயே திரும்பியிருக்க வேண்டும்!

பழையசிப்பாய்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1994இல் வந்த எக்ஸ்-காம் (ஏலியன்களோடு மோதுகிற டர்ன் பேஸ்டு கேம்) ஆடியவர்களைக் கேளுங்கள். அதில் நம் முறையை முடித்ததும் திரை மறைந்து 'ஹிடன் மூவ்மென்ட்' என்று ஒரு படம் வரும், எங்கோ ஒரு கதவு திறக்கிற சத்தம், அவ்வளவுதான். ராத்திரி மிஷனில் நம் சிப்பாய்க்கு 9 கட்டம்தான் தெரியும், ஏலியனுக்கு 20. அவன் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தே முறையை முடிக்க வேண்டும். போதாததற்கு க்ரிஸலிட் என்கிற ஏலியன். அது கொன்றவன் ஜாம்பியாகி நம்மை நோக்கியே நடந்து வருவான், அவனைச் சுட்டால் உள்ளிருந்து இன்னொரு க்ரிஸலிட். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிப்பாய்!

முறைக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிற கேமில் பயப்பட நேரம் இருக்காது, இங்கே நேரம்தான் நிறைய இருக்கிறது. 'டர்ன் முடி' பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் யோசிக்கிறோம், அந்த ஐந்து நிமிஷமும் பயம்தான். அழுத்தியதும் திரும்பப் பெற முடியாது.

வண்டிக்காரன்:
டார்ச் விஷயத்தில் நாலாம்இடத்தோடு ஒத்துப்போக மாட்டேன். வாராவாரம் வண்டியில் புது ஆட்கள் சும்மாவே வருகிறார்கள். நாலு பேரைப் பிடித்து, செலவே இல்லாமல் இருட்டில் அனுப்பி, தங்கத்தோடு திரும்பியதும் வேலையிலிருந்து நீக்கிவிடுங்கள். வளர்த்த ஆட்களை இருட்டில் விடாதீர்கள், அவ்வளவுதான். வெளிச்சம் பூஜ்யத்தில் இருக்கும்போது ஷாம்பிளர் என்கிற பூதம் எதிரே வந்தால் மட்டும் சண்டையே வேண்டாம், ஓடுங்கள்.

இன்னொன்று, பிற்பகுதி ரொம்பவே இழுவை. ரேடியன்ட் என்கிற எளிதான மோடில் ஆடினால் அந்த இழுவை கொஞ்சம் குறையும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழையசிப்பாய்:
@வண்டிக்காரன் நாலு பேரை உடைத்துவிட்டுத் துரத்திவிடுகிற அந்த முதலாளியைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம். நானும் அதையேதான் செய்கிறேன், அது வேறு கதை.

கல்லறைக்காரன்:
கோப்பைக்காரன்தான்! கடைசிவரை அவனைத் தொடவே இல்லை. இன்று புது வெஸ்டல், பிளேக் டாக்டர், ஹெலியன், ஹைவேமேன் என்று போனேன். அயர்ன் ஸ்வானில் முதல் சண்டையிலேயே கோப்பை உடைந்தது. மூன்றாவது அறையில் ஹைவேமேன் ஸ்ட்ரெஸ் 80ஐத் தாண்டியதும் பின்வாங்கிவிட்டேன். தங்கம் கொஞ்சம்தான், ஆனால் நாலு பேரும் வீடு திரும்பினார்கள். க்ரூசேடரின் பெயர் கல்லறைப் பட்டியலில் இருக்கிறது, அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை.