குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் கட்டுரை: அச்சு ஆதாரம் யாரிடமாவது உண்டா?

வணக்கம். பினாங்கு குவீன் ஸ்திரீட் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒரு வரைவு தயாராகிறது. இடறுவது கோயில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் 1833 என்ற ஆண்டில்தான். இணையத்தில் எங்கும் அதுவே கிடக்கிறது, ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்வாரில்லை. விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதிய பயணத் தளத்தையே ஆதாரமாகத் திருப்பிக் காட்டினால் அது ஆதாரம் ஆகாது, செக்குமாடு சுற்றுவதுதான்.

வீட்டில் பழைய கும்பாபிஷேக மலர் இருந்தால் தேடிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மலர் கோயில் வெளியீடு. திருப்பணி நடந்த நாள், நிர்வாகக் குழு போன்றவற்றுக்குப் போதும். "பினாங்கிலேயே பழமையானது" என்பதற்குப் போதாது. அதற்குக் கோயிலைச் சாராத வரலாற்று நூலோ நாளிதழோ வேண்டும். 2019-இல் நின்றுபோன மலேசியத் தமிழ் நாளிதழான தமிழ் நேசனின் நறுக்குகள் இருந்தால் இன்னும் நல்லது.

படம் எடுக்கும்போது செய்தியை மட்டும் எடுக்காதீர்கள். இதழின் பெயர், தேதி, பக்க எண் தெரிய வேண்டும். நூலானால் பதிப்பாளர், ஆண்டு உள்ள பக்கமும். பக்க எண் இல்லாத மேற்கோளை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. விக்கிப்பீடியாவுக்கான படங்கள் சேரும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற வேண்டாம், பதிப்புரிமைச் சிக்கல் வரும். சரிபார்க்க மட்டும் அனுப்புங்கள்.

பாட்டி சொன்ன வரலாறு அருமைதான், ஆனால் அச்சேறாதவரை கட்டுரையில் சேராது. இரு நூல்கள் இரு ஆண்டு சொன்னால் இரண்டையும் அனுப்புங்கள். எது சரி என்று நாம் தீர்ப்புச் சொல்லாமல், யார் எதைச் சொல்கிறார் என்று எழுதிவிடலாம்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய ஆங்கில இதழ்களைத் துழாவ ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. யார் வருகிறீர்கள்?