ரிஸ்பாள் பாறைமேல் எத்தனை நாள்? நாவல் நடுவில் சிக்கல்

விவிலியத்தில் 2 சாமுவேல் 21இல் வரும் ரிஸ்பாளை வைத்து நாவல் எழுதுகிறேன். இவள் சவுல் அரசனின் மறுமனையாட்டி. தாவீது அரசன் ஒப்புக்கொடுத்து, இவளுடைய இரண்டு மகன்கள் உட்பட சவுலின் வம்சத்தார் ஏழு பேர் மலைமேல் தூக்கிலிடப்பட, பறவையும் மிருகமும் அந்த உடல்களைத் தொடாதபடி பாறைமேல் காவல் இருக்கிறாள். களம் கிபியா, எருசலேமுக்கு வடக்கே உள்ள தெல் எல்-ஃபுல் மேடுதான் அது என்பது பரவலான கருத்து.

சிக்கல் காலக்கணக்கில். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில், அதாவது ஏப்ரல் வாக்கில், துக்கத்துக்குரிய இரட்டுத் துணியைப் பாறைமேல் விரிக்கிறாள். மழை பெய்யும்வரை எழும்பவில்லை. அந்த மலைநாட்டில் முன்மாரி, அதாவது பருவத்தின் முதல் மழை, அக்டோபருக்கு முன் வருவது அரிது. ஆக, ஆறு மாதம்.

முதல் வரைவு ஆறு மாதக் கணக்கில்தான் இருந்தது. வெயிலில் ஓரிரு மாதத்திலேயே சதை பெரும்பாலும் போய், எலும்பும் காய்ந்த தோலுமே மிஞ்சும். கழுகுக்கு அங்கே வேலையில்லை. கையில் கோலுடன் நிற்பவள் யாரை விரட்டுகிறாள்? அத்தியாயம் அங்கேயே படுத்துவிட்டது.

அடுத்து, அறுப்பு முடியுமுன் மழை வருவதாக மூன்று வாரமாகச் சுருக்கினேன். விறுவிறுப்பு வந்தது, ஆனால் 1 சாமுவேல் 12இல் கோதுமை அறுப்பு நாளில் மழை பெய்வதே அற்புதம். கடைசியில் அடக்கம் செய்யத் தாவீது பொறுக்கியெடுப்பதும் எலும்புகளைத்தான். எனவே ஆறு மாதமே சரி என்று படுகிறது.

தண்ணீருக்குச் சுண்ணம் பூசிய தொட்டி, சாப்பாட்டுக்கு வறுத்த தானியமும் அத்திப்பழ அடையும் வைத்துவிட்டேன், அது பிரச்சினையில்லை. மாதங்களைத் தாண்டிக் குதித்தும் பார்த்தேன், காத்திருப்பின் பாரமே போய்விட்டது. இரவில் எலும்பு கடிக்க வரும் கழுதைப்புலி மட்டும் மிச்சம். அதை வைத்து இரண்டு பக்கம் ஓட்டலாம், நான்கு மாதம் ஓட்ட முடியாது.

சதை போனபின், ஜூன் முதல் அக்டோபர்வரையான காவலை எந்தச் செயல்களால் காட்டலாம்?