மண்டப வெளிச்சமும் படத்தில் விழும் கோடுகளும்

மதுரையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். படம் எடுக்க வந்திருந்த தம்பி கேமராவை சைலண்ட் ஷட்டரில் (சத்தமில்லாமல் சென்சாரே படம் பிடிக்கும் முறை) போட்டிருந்தார். மந்திரம் சொல்லும்போது டக் டக்கென்று கேட்கக் கூடாதாம். நல்ல எண்ணம்தான். ஆனால் மணமேடைப் படங்களில் பொண்ணின் கூறைப்புடவைக்குக் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. லென்ஸைத் துடைத்தார், கார்டை மாற்றினார், போகவில்லை.

வீடியோ எடுத்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஷட்டர் எவ்வளவு?"

"500ண்ணே." அதாவது ஒரு வினாடியில் 500இல் ஒரு பங்கு நேரம்.

"100க்கு இறக்குங்க."

கோடு காணாமல் போனது. பந்தியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து விவரம் கேட்டேன். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மட்டமான எல்இடி விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது. சைலண்ட் ஷட்டரில் சென்சார் (கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சில்லு) படத்தை வரிவரியாகப் படிக்கிறது. 1/500 வைத்தால், வெளிச்சம் கூடியபோது படித்த வரி பளிச்சென்றும் குறைந்தபோது படித்தது மங்கியும் விழும். 1/100 என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுற்று வெளிச்சம் கிடைத்துவிடும். இன்னொரு லாபம், ஷட்டர் ஐந்து மடங்கு நேரம் திறந்திருப்பதால் அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவு) தொடாமலே தம்பி ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) 6400இலிருந்து 1250க்கு இறக்கினார். மாப்பிள்ளை முகத்தில் இருந்த நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

---

ரிசப்ஷனில் பின்னால் எல்இடி வால் (சுவர் போன்ற பெரிய வீடியோத் திரை) வைத்தால் இந்த 100 கணக்கு எடுபடாது. அது கரண்டோடு சேர்ந்து துடிப்பதில்லை, அதற்குத் தனி வேகம். ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கேமரா திரையில் கோடு மறைகிறதா என்று பார்ப்பதுதான் வழி. நான் மெக்கானிக்கல் ஷட்டருக்கு (டக்கென்று திறந்து மூடும் நிஜ ஷட்டர்) மாறிவிடுவேன். கோடு அறவே போகாது, ஆனாலும் நிறையக் குறையும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது?

---

எல்லாம் சரி, 1/100இல் அட்சதை தூவும்போது ஒவ்வொரு அரிசியும் நீளக் கோடாகிவிடுகிறதே! எனக்கு அது பிடிக்கும், அசைவு தெரிகிறது. கல்யாண வீட்டார் சில பேர் "ஏன் கலங்கியிருக்கு?" என்று கேட்கிறார்கள். அதனால் கெட்டிமேளத்துக்கு மட்டும் மெக்கானிக்கல் ஷட்டரில் ஆன்டி-ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) போட்டு 1/250 வைக்கிறேன். வெளிச்சம் உச்சிக்கு வரும்போது பார்த்து கேமராவே கிளிக் செய்துகொள்ளும். அப்புறம் ஒன்று, அதில் படம் விழ ஒரு இம்மி தாமதமாகும். முடிச்சு விழுந்த பிறகு அழுத்தலாம் என்று இருக்காதீர்கள்.