மறு: 'ஷோ-துரூ', 'பிளீட்-துரூ': ஒரு சொல்லா, இரண்டா?

> இரண்டுக்கும் 'ஊடுதெரிவு' போதும். வாசகருக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை.

வாசகருக்குத் தெரியவேண்டாம். வருடியின் (ஸ்கேனரின்) முன் இருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய தாளை வருடும்போது மறுபக்க அச்சு இந்தப் பக்கத்தில் தெரிவதற்கான இரண்டு ஆங்கிலச் சொற்கள் இவை (show-through, bleed-through); தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா என்பதுதான் கேள்வி.

தமிழ் நூல்களை இணையத்தில் சேர்க்கும் மதுரைத் திட்டம் 1998இலும் ஈழத்து நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கியபோது பெரும்பாலும் தட்டச்சிட்ட மின்னுரைகள்தான்; இச்சொற்களுக்குத் தேவையே இருக்கவில்லை. பக்கங்களைப் படமாகவே சேர்க்கத் தொடங்கியதும் தாளின் நோய்களும் கூடவே வந்தன. அதிலும் பத்திரிகைத்தாளில் அச்சான சிற்றிதழ், ரோனியோவில் (மெழுகுத்தாள் வைத்துப் படியெடுக்கும் கருவியில்) உருட்டிய துண்டுப்பிரசுரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஷோ-துரூவுக்குக் காரணம் மெல்லிய தாள். வருடியின் வெளிச்சம் தாளைத் துளைத்துப்போய், வெள்ளை மூடியில் பட்டு, மறுபக்க அச்சையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. பளபளப்பில்லாத கறுப்பு அட்டையைத் தாளுக்குப் பின்னால் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். பக்கம் சற்று இருளும். அதைப் பிறகு திருத்தலாம்.

பிளீட்-துரூவில் மையே தாளில் ஊறி மறுபக்கம் வந்துவிட்டது. ரோனியோ மை எண்ணெய்ப் பசையுள்ளது, அதற்கான தாளும் உறிஞ்சும் தாள். இங்கே கறுப்பு அட்டை உதவாது. மறுபக்கப் படத்தை இடவலமாகப் புரட்டி, இந்தப் பக்கத்தின் படத்தோடு பொருத்தி, அதிலிருந்து கழிக்கலாம்; தாள் நெளிந்திருந்தால் பொருந்தாது, நல்ல எழுத்தும் அரிபடும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ஆவியாகத் தெரியும் மறுபக்கப் பொட்டு ஒன்று 'ல'வின் தலையில் விழுந்தால், எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) 'கல'வைக் 'கல்' என்று வாசிக்கும். பொட்டை அழிக்கக் எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்கும் வரம்பை மாற்றினால் உண்மையான புள்ளியும் போய், 'கல்' 'கல'வாகும். அதனால் மூலப்படம் குறைந்தது 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), சிறிய எழுத்தென்றால் 400இல், வண்ணத்திலேயே இருக்கட்டும். கறுப்பு-வெள்ளைப் படத்தை அதிலிருந்து எப்போதும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பிப் போக வழியில்லை.

என் முன்மொழிவு: ஷோ-துரூவுக்கு 'ஊடுதெரிவு', பிளீட்-துரூவுக்கு 'மையூறல்'. வருடியவற்றின் பட்டியலில் உள்ள குறிப்புப் புலத்தில் 'ஊடுதெரிவு' என்றிருந்தால் அட்டை வைத்து மீண்டும் வருடலாம். 'மையூறல்' என்றிருந்தால் அதே பிரதியை மறுபடி வருடுவது வீண்வேலை, வேறு பிரதி தேடவேண்டும். ஒரே சொல்லை இட்டுவிட்டால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டிவரும்.

பிளீட்-துரூவுக்கு 'மைக்கசிவு' வேண்டாம். அச்சிட்ட பக்கத்திலேயே எழுத்தின் ஓரம் பரவுவதற்கு அது தேவைப்படும்.